பாவடியும் பள்ளிக்கூடமும்

சேலத்துச் சமவெளியில் தொழிற்கல்வி: ஒரு நூற்றாண்டு வழக்கு

செவ்வாய்ப்பேட்டையின் பெயருக்குள்ளேயே ஒரு சந்தை இருக்கிறது. செவ்வாய்தோறும் கூடிய சந்தையைச் சுற்றி வளர்ந்த பேட்டை அது. இப்போது அங்கே கிழமைக் கணக்கு கிடையாது. லீ பஜாரில் நாள் முழுக்க மூட்டை ஏறி இறங்குகிறது. கடைத்தெருவை விட்டு உள்சந்துக்குள் திரும்பினால் சத்தம் மாறிவிடும்: கம்பி இழுக்கும் உரசல், சுடர் ஊதும் சீறல், சிறு சுத்தியலின் தட்டு. வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். ஒருவர் வெள்ளியை உருக்கிக் கம்பியாக்குகிறார். இன்னொருவர் வளையம் கோக்கிறார். மூன்றாமவர் பற்றவைக்கும் பொடியைத் தூவிச் சுடர் காட்டுகிறார். மெருகு வேறு வீட்டில், சலங்கைமணி கோப்பது இன்னொரு வீட்டுத் திண்ணையில். ஒரு ஜோடிக் கொலுசு கடைக்குப் போவதற்குள் பல வாசல் ஏறி இறங்கிவிடும்.

இவர்களிடம் வேலையை எங்கே கற்றீர்கள் என்று கேட்டால் எவரும் ஒரு பள்ளியின் பெயரைச் சொல்வதில்லை. அப்பாவின் பட்டறை, மாமாவின் பட்டறை, பக்கத்து வீட்டுப் பட்டறை என்றுதான் பதில் வரும். இதே சேலத்தில் மத்திய அரசின் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் உண்டு, பாலிடெக்னிக்குகள் உண்டு, ஐ.டி.ஐ. உண்டு. தொழில் ஒரு பக்கமும் தொழிற்பள்ளி இன்னொரு பக்கமுமாக இந்த ஊர் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டது. இடையிலுள்ள பள்ளம் எப்படி விழுந்தது? அதை மூட யார் என்ன செய்தார்கள்? ஏன் மூடவில்லை? இந்தக் கட்டுரை பார்க்க முயல்வது இதைத்தான்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிற்கல்வியைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் என்ன கற்பிப்பது, எத்தனை நாள் கற்பிப்பது என்று பேசுகிறோம். சேலத்தில் உண்மையான சண்டை யாருக்குக் கற்பிப்பது என்பதில்தான் நடந்தது. வீடு ஆழமாகக் கற்றுக்கொடுத்தது. ஆனால் தன் பிள்ளைக்கு மட்டும். பள்ளி எல்லோரையும் அழைத்தது. ஆனால் தொழிலைச் சந்தையிலிருந்தும் வீட்டுப் பேச்சிலிருந்தும் பிரித்து, ஆழம் குறைத்துக் கொடுத்தது.

எல்லை ஊர்

சேலத்தை எல்லைப்புறம் என்று சொன்னால் இன்றைய வரைபடம் ஒப்பாது. பழைய வரைபடம் ஒப்பும். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த பாராமகாலும் சேலமும் மைசூரின் விளிம்பு. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் நிலவரி முறையை இங்கேதான் பழகிப் பார்த்தார்கள். ஒசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி எல்லாம் அடங்கிய பெரிய சேலம் மாவட்டம் 1965 வரை நீடித்தது. அந்த ஆண்டு தர்மபுரி பிரிந்தது. 1997இல் நாமக்கல் பிரிந்தது. 2004இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனியானது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் சந்திக்கும் மூலை ஒரு மாவட்டத்துக்குள்ளேயே கிடந்தது.

நெசவுத் தெருக்களில் இந்தக் கலப்பு இன்னும் நெருக்கமானது. தமிழ் பேசும் செங்குந்தர். கன்னடமும் தெலுங்கும் பேசும் தேவாங்கர். தெலுங்கு பேசும் பத்மசாலியர். வீட்டுக்குள் சௌராஷ்டிர மொழி பேசும் பட்டுநூல்காரர். குகை, அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை என்று ஊரே தறிச் சத்தத்தில் விழித்தது. செவ்வாய்ப்பேட்டையின் கடைகளில் தெலுங்குச் செட்டியார்களோடு வடக்கிலிருந்து வந்த வெள்ளி வியாபாரிகளும் அமர்ந்தார்கள். உருது பேசும் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. எல்லா நாளும் இணக்கமாகப் போகவில்லை. 1882இல் செவ்வாய்ப்பேட்டை மசூதியையும் ஊர்வலப் பாதையையும் முன்னிட்டுச் சேலம் பெருங்கலவரத்தைக் கண்டது. அந்த வழக்கில் சிக்கி மீண்டவர்தான் பின்னாளில் காங்கிரஸ் தலைவரான சேலம் சி. விஜயராகவாச்சாரியார்.

ஆனால் தறியைச் சுற்றி வேறொரு ஒழுங்கு இருந்தது. தமிழ் வீட்டில் பாவும் ஊடையும். தெலுங்கு வீட்டில் படுகும் பேகவும். கன்னட வீட்டில் ஹாசும் ஹொக்கும். சொல் மூன்று, நூல் ஒன்று. நூல் வாங்கும் கடையும் சேலை கொடுக்கும் முதலாளியும் பெரும்பாலும் பொது. சந்தையில் எல்லோரும் தமிழ் பேசினார்கள். தொழில் நுணுக்கத்தை அவரவர் வீட்டு மொழியில் வைத்துக்கொண்டார்கள். தொழிலறிவு மொழிக்குள் இருந்தது, மொழி சாதிக்குள் இருந்தது. பின்னாளில் வந்த எந்தப் பள்ளியும் இந்த இரட்டைப் பூட்டைத் திறந்தாக வேண்டியிருந்தது.

வீடு என்ற பள்ளி

குழித்தறி உள்ள வீட்டில் குழந்தை தறிச் சத்தத்துக்குள்தான் பிறக்கிறது. தார் சுற்றுவது முதல் பாடம். கை இழுப்பின் சமம் அங்கே வந்துவிடும். அடுத்து அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிச்சுப் போடுவது. கண் அங்கே பழகும். அப்பா சாப்பிட எழுந்த நேரத்தில் தறிக்குழியில் இறங்கி நாலு விரற்கடை நெய்து பார்ப்பது மூன்றாம் பாடம். அந்த நாலு விரற்கடை சேலையில் தனியாகத் தெரியும். திட்டு விழும். அதுதான் தேர்வு.

இந்தப் பள்ளியின் பலம் அதன் முழுமை. நூலின் விலை, முதலாளியின் குணம், பண்டிகைக்கு முன்னால் எந்தக் கரை போகும், மழைக்காலத்தில் கஞ்சி எப்படி இறுகும் என்று எல்லாமே பாடத்துக்குள் வந்துவிடும். பலவீனமும் அதே முழுமையில் இருந்தது. பக்கத்துத் தெருச் சக்கிலியர் வீட்டுப் பையனுக்கு இந்தப் பள்ளியில் இடமில்லை. தறி வீட்டுப் பெண்ணுக்குத் தாரும் பாவும் உண்டு, நெசவாளி என்ற பெயர் இல்லை. தறி வீட்டுப் பையனுக்கோ வேறு பள்ளிக்குப் போகும் நேரம் இல்லை.

ஒன்றை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். நெசவின் எல்லா வேலையும் வீட்டுக்குள் அடங்குவதில்லை. பாவுக்குக் கஞ்சி போடுவதற்கு வீட்டின் நீளம் போதாது. அதற்குத்தான் பாவடி: தெருவின் அகலமான பகுதி, அல்லது ஊர்ப்பொதுவான வெற்றிடம். விடியும் முன்பே பாவைக் குச்சிகளின் மேல் நீளவாக்கில் விரிப்பார்கள். கஞ்சி தடவி, தூரிகையால் ஒரே சீராக இழுத்து, வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும். இரண்டு கை போதாது. பக்கத்து வீட்டார் வந்து நிற்பார்கள், நாளைக்கு அவர்கள் பாவுக்கு இவர்கள் போவார்கள். பாவடி என்ற சொல் சேலத்தில் இன்னமும் இடப்பெயராக வழங்குகிறது. கடைசியில் இந்த வெற்றிடத்துக்குத் திரும்பி வருவேன்.

1906: அரசு தறி போட்ட கதை

ஆல்பிரட் சாட்டர்டன் 1888இல் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தவர். பாடம் நடத்துவதைவிடப் பட்டறை நடத்துவதில் அவருக்கு ஆசை அதிகம். சென்னைக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்ய வைத்து அதை ஒரு தொழிலாகவே வளர்த்துவிட்டார். குரோம் முறையில் தோல் பதனிடுவதை முயன்று காட்டினார். கைத்தறி மீது அவர் பார்வை திரும்பியபோது சேலம் கண்ணில் பட்டது. 1906 வாக்கில் சென்னை மாகாண அரசின் செலவில் சேலத்தில் ஒரு நெசவாலை தொடங்கியது.

அதன் நோக்கம் எளிமையானது. விசைநாடா பொருத்திய தறியில் ஒருவர் நெய்யும் அளவு கூடும். பாவு ஓட்டுவது, கஞ்சி போடுவது போன்ற முன்வேலைகளை ஒரே கூரையின் கீழ் முறைப்படுத்தினால் செலவு குறையும். இது லாபத்தில் ஓடுகிறது என்று காட்டினால் தனியார் பின்தொடர்வார்கள். பள்ளியும் ஆலையும் கடையும் ஒன்றாகச் சேர்ந்த ஏற்பாடு இது. பாடம் சரியா என்று தேர்வுத்தாள் சொல்லத் தேவையில்லை, விற்ற துணி சொல்லிவிடும்.

சிக்கல் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. நெசவாளர்கள் ஆலை ஒழுங்குக்குப் பிடிகொடுக்கவில்லை. குறித்த நேரத்துக்கு வருவதில்லை, ஒழுங்காக வேலைக்கு நிற்பதில்லை என்பது சாட்டர்டன் தரப்பின் மனக்குறை. சோம்பல், பழமைப்பற்று என்று அன்றைய அதிகாரிகள் இதற்குப் பெயர் வைத்தார்கள். தறி வீட்டைப் பார்த்த எவருக்கும் வேறு காரணம் தெரியும். வீட்டுத் தறியில் கூலி வாங்குவது ஒருவர், உழைப்பது குடும்பம். ஆலைக்குள் நுழைந்தவுடன் மனைவியின் தாரும் தாயின் பாவும் கணக்கிலிருந்து விழுந்துவிடும். கிழமை பார்த்து, நோன்பு பார்த்து, முதலாளியிடம் வாங்கிய முன்பணம் பார்த்து வேலையை ஏற்றி இறக்கும் உரிமையும் போய்விடும். விசைநாடாவை அவர்கள் வெறுக்கவில்லை. அதைப் பின்னாளில் வீட்டுக்கே கொண்டுபோய் மாட்டிக்கொண்டார்கள். மணியடிக்கும் ஆலையைத்தான் வேண்டாம் என்றார்கள்.

இன்னொரு அடி மேலிருந்து விழுந்தது. அரசு துணி நெய்து விற்பதா என்று மாகாணத்து ஐரோப்பிய வணிகர்கள் பொருமினார்கள். 1908இல் உதகமண்டலத்தில் தொழில் மாநாடு கூட்டித் தனித் தொழில்துறை அமைத்த சென்னை அரசுக்கு, 1910 ஜூலையில் இந்தியா மந்திரி மார்லி பிரபு லண்டனிலிருந்து கடிவாளம் போட்டார். அரசுப் பணத்தில் தொழில் கற்பிக்கலாம், புது முறைகளைக் காட்டலாம். ஆனால் அரசே வியாபாரமாகத் தொழில் நடத்தக்கூடாது. சேலத்து ஆலை அந்த ஆண்டோடு மூடப்பட்டது. சாட்டர்டன் 1912இல் மைசூர் சமஸ்தானத்துக்குத் தொழில்துறை இயக்குநராகப் போனார். பிறகு 1916இல் அமைந்த இந்தியத் தொழில் ஆணையத்தில் உறுப்பினரானார்.

சேலத்துக்கு மட்டும் நடந்த நட்டமாக இதைப் பார்க்கக்கூடாது. இந்தியாவில் தொழிற்பள்ளி என்றால் என்ன என்பதற்கே மார்லியின் முடிவு ஒரு வரையறை போட்டுவிட்டது: கற்றுத் தா, விற்காதே. செய்த பொருள் சந்தைக்குப் போகாத பள்ளியில் பொருளின் தரத்தை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும், வாங்குபவர் சொல்லமாட்டார். நம் தொழிற்பள்ளிகளில் செய்த நாற்காலியில் இன்றும் யாரும் உட்காராததற்கு ஒரு வேர் அங்கே இருக்கிறது.

பின்னால் வந்த ஏற்பாடு ஒன்று ஓரளவு பலித்தது என்பதையும் சொல்ல வேண்டும். மாகாணத் தொழில்துறை மீண்டும் உயிர்பெற்ற பிறகு நெசவுக் குழுக்களை ஊர் ஊராக அனுப்பியது. அவை ஒரு ஊரில் தங்கி, விசைநாடாத் தறியை இயக்கிக் காட்டி, வேண்டியவர் வீட்டில் பொருத்திக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போயின. பள்ளி வீட்டைத் தேடி வந்தது, வீடு கதவைத் திறந்தது. ஆனால் தறி உள்ள வீட்டுக் கதவு மட்டும்தான் திறந்தது.

தூரத்து உறவு

உலகின் வேறு எல்லைப்புறங்களிலும் இதே நாடகம் நடந்திருக்கிறது. ஆஸ்திரியப் பேரரசின் கலீசியாவில், இன்றைய போலந்தின் மலையூரான சாகோப்பானேயில் 1876இல் மரச்செதுக்குப் பள்ளி ஒன்று தொடங்கியது. ஊரிலேயே தலைமுறை தலைமுறையாக மரம் செதுக்கிய மலைமக்கள் இருந்தார்கள். பள்ளியோ டிரோலின், வியன்னாவின் பாணியைக் கற்றுத்தந்தது. ஸ்தானிஸ்வாஃப் வித்கேவிச் என்ற ஓவியர் இதைக் கடுமையாகக் கண்டித்தார். உள்ளூர்க் கைகளின் வடிவங்களைக் கொண்டே சாகோப்பானே பாணி என்று பெயர்பெற்ற கட்டடக் கலையை அவர் வளர்த்தெடுத்தார். மையத்திலிருந்து வரும் பள்ளி விளிம்பில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணிக்கொண்டே பாடத்தைத் தொடங்கும். சேலத்துக்கும் சாகோப்பானேக்கும் இந்த நோய் பொது.

ஒரே ஊரிலிருந்து கிளம்பிய இரண்டு பதில்கள்

யாருக்குக் கற்பிப்பது என்ற கேள்வி 1953இல் வெடித்தது. வெடித்த இடம் சென்னைச் சட்டமன்றம். மருந்து சேலத்துச் சமவெளியில் சேர்ந்தது.

ராஜாஜி 1878இல் ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர்; அன்று அது சேலம் மாவட்டம், மூன்று மொழி கலந்த எல்லை. 1900இல் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கி, 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தார். கதர் நூற்பும் தீண்டாமை ஒழிப்பும் மதுவிலக்கும் அதன் வேலை. எந்தச் சாதிக் கையும் ராட்டையைத் தொடலாம் என்று அந்த ஆசிரமம் சொன்னது. தொழிலைப் பிறப்பிலிருந்து கழற்றிய இடங்களில் அதுவும் ஒன்று.

ஈரோட்டுப் பெரியார் அவருக்கு நெடுநாள் நண்பர்; அவரும் தன் ஊர் நகராட்சித் தலைவராக இருந்தவர்; வீட்டில் கன்னடம் பேசியவர். 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய மாநாடு சேலத்தில்தான் நடந்தது. ஆக, 1953இன் இரண்டு அணிகளுக்கும் இந்த ஊர் அந்நியமில்லை.

முதலமைச்சர் ராஜாஜி அந்த ஆண்டு கொண்டுவந்தது மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம். கிராமப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் வகுப்பு. மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகலாம். வீட்டில் தொழில் இல்லையென்றால் ஊரில் தொழில் செய்வோரிடம் பழகலாம். கட்டடமும் ஆசிரியரும் போதாத மாநிலத்தில் ஒரே பள்ளியை இரண்டு முறையாக நடத்தி இரட்டிப்புப் பிள்ளைகளைச் சேர்ப்பது அவர் கணக்கு. நகரப் பள்ளிகளுக்கு இது கிடையாது. செவ்வாய்ப்பேட்டைப் பையன் தப்பினான், நாலு மைல் தள்ளி இருந்த கிராமத்துப் பையன் மாட்டினான்.

பெரியாரும் தி.மு.க.வும் வைத்த பெயர் குலக்கல்வி. அந்த ஒரு சொல் திட்டத்தை முடித்துவிட்டது. சட்டமன்றத்தில் வாக்குகள் நூலிழையில் நின்றன. பாருலேகர் தலைமையில் ஆய்வுக் குழு போடப்பட்டது. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு முற்றி 1954இல் ராஜாஜி விலகினார். காமராஜர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் கிராமம் கிராமமாகப் பள்ளி திறந்ததும் மதிய உணவு வந்ததும் எல்லோரும் அறிந்தவை.

இந்த வழக்கை இன்று திரும்பப் பார்க்கையில் ராஜாஜி கண்டதையும் காணாததையும் பிரித்துச் சொல்வது அவசியம். தறி வீட்டில் பிள்ளை கற்பதன் ஆழத்தை ராஜாஜி சரியாகவே கண்டார். ஆனால் அந்த வீட்டின் கதவு யாருக்குப் பூட்டியிருக்கிறது என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. மலம் அள்ளும் வீட்டுப் பிள்ளையின் பிற்பகல் எப்படிப் போகும்? கூலிவேலை செய்பவர் மகன் எதைப் பழகுவான்? வீடு நல்ல பள்ளிதான், எவர் வீடு என்று கேட்காத வரை. எதிர்த்தவர்கள் கேட்டது அந்த ஒரு கேள்வியை. அவர்கள் வென்றது நியாயம். ஆனால் வென்ற வேகத்தில் கைத்தொழில் என்றாலே குலத்தொழில் என்ற நிழல் நம் பள்ளிகள் மேல் விழுந்துவிட்டது. படித்தவன் கையில் அழுக்குப் படக்கூடாது என்ற பழைய மேட்டிமை, சமத்துவத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டது.

நிறுவனங்களின் காலம்

அடுத்த பத்தாண்டில் கட்டடங்கள் எழுந்தன. 1958இல் கருமுத்து தியாகராஜர் பெயரில் பாலிடெக்னிக் சேலத்தில் வந்தது. 1960இல் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் நிலைபெற்றது. கைத்தறிக் கழகங்களில் காசிக்கு அடுத்து நாட்டின் பழைய நிறுவனம் இதுதான். தமிழகம், கர்நாடகம், ஆந்திரம், கேரளம் எனத் தென்மாநிலப் பிள்ளைகள் மூன்றாண்டு டிப்ளமோவுக்கு வந்து சேர்ந்தார்கள். 1950 முதல் ஐ.டி.ஐ. பயிற்சித் திட்டம், 1961இல் தொழில்பழகுநர் சட்டம், 1966இல் அரசுப் பொறியியல் கல்லூரி, 1978இல் மேல்நிலைக் கல்வியில் தொழிற்பிரிவு என்று வரிசை நீண்டது.

முதல் பூட்டு இங்கே திறந்தது. தறி வீட்டில் பிறக்காதவரும், பெண்களும் நெசவைப் பாடமாகப் படிக்க முடிந்தது. சாதியின் பிடியிலிருந்து நெசவறிவு கழன்றது இந்த வகுப்பறைகளில்தான், அதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. இரண்டாம் பூட்டு அப்படித் திறக்கவில்லை. பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. ஊடை என்றும் பேக என்றும் ஹொக்கு என்றும் பழகிய நாக்குகள் மூன்றும் ஒரே இங்கிலீஷ் சொல்லுக்கு மாறின. மாணவருக்குள் ஒற்றுமை வந்தது; ஆனால் படித்து முடித்தவர் விடுமுறைக்கு வீடு வந்து, தறிக்குழியில் இருக்கும் பெரியப்பாவிடம் தான் கற்றதைச் சொல்லச் சொல் தேடினார். சாய அளவும் நூல் எண்ணும் கணக்கும் தெரிந்தவர் மில்லின் மேற்பார்வையாளராகவோ கூட்டுறவுத் துறை அலுவலராகவோ போனார். தறி இருந்த இடத்திலேயே இருந்தது. பள்ளி நெசவாளரை உண்டாக்கவில்லை, நெசவாளரைக் கண்காணிப்பவரை உண்டாக்கியது.

பெயர்ப்பலகை இல்லாத பள்ளிகள்

இதற்கிடையில் இந்தச் சமவெளி தானாகவே சில பள்ளிகளைக் கட்டிக்கொண்டது. நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள். அங்கே எடுபிடியாகச் சேர்ந்தவர் வெல்டிங் பிடித்து, பிறகு தனிப் பட்டறை போட்டார். லாரியில் கிளீனராக ஏறியவர் டிரைவராக இறங்கினார். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடெங்கும் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டின. மண்ணின் நிறம் பார்த்து நீர் சொல்லும் வித்தையை ஓடும் வண்டியிலேயே கற்றார்கள். இளம்பிள்ளையிலும் பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி பெருகியது.

இவை எவருடைய குலத்தொழிலும் அல்ல. புதிதாகப் பிறந்த தொழிலுக்குச் சாதி ஒட்டக் கொஞ்சம் காலம் பிடிக்கும். அந்த இடைவெளியில் பலர் உள்ளே நுழைந்துவிட்டார்கள். பழைய மாவட்டத்தின் உச்சியில், ஒசூரில், 1987இல் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய டைட்டன் இதை அறிந்தே செய்தது. பள்ளிப்படிப்பு முடித்த இளைஞர்களைக் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துத் தானே பயிற்சி கொடுத்தது. கடிகாரம் செய்யும் குலம் எதுவும் இங்கே இல்லாதது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

ஆனால் பெயர்ப்பலகை இல்லாத பள்ளிக்கு மேற்பார்வையும் இல்லை. வெள்ளிப் பட்டறைகளும் தறிக்கூடங்களும் நெடுங்காலம் சிறுவர் உழைப்பில் ஓடின. முன்பணம் வாங்கிய வீட்டிலிருந்து பிள்ளை வட்டியாகப் போனது. வேலை கற்கிறான் என்பது அதற்கு வைத்த மரியாதையான பெயர். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகளும் வந்தன. 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று ஒரு விலக்கு சேர்க்கப்பட்டது. 1953இன் பிற்பகல் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது.

இன்று அந்த இடங்களில் புதிய முகங்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்துத் தறிகளிலும் மில்களிலும் ஒடியாவும் வங்காளமும் போஜ்புரியும் கேட்கின்றன. தெலுங்கும் கன்னடமும் ஒரு காலத்தில் வந்து சேர்ந்ததைப் போலத்தான். ஆனால் தேவாங்கர் தறியோடும் தெய்வத்தோடும் வந்து தெரு அமைத்தார்கள். இவர்களுக்குத் தெரு இல்லை, தகரக் கொட்டகைதான். இவர்களுக்கு வேலை கற்றுத்தருபவர் எவர், எந்த மொழியில் கற்றுத்தருகிறார் என்பதை எந்தப் பாடத்திட்டமும் கேட்பதில்லை.

முடியாத வழக்கு

2023 செப்டம்பரில் மத்திய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. பொற்கொல்லர், தச்சர், குயவர், முடிதிருத்துவோர் என 18 தொழில்கள். நெசவு அதில் சேரவில்லை. ஐந்தாறு நாள் அடிப்படைப் பயிற்சி, கருவி வாங்க 15,000 ரூபாய், குறைந்த வட்டியில் கடன். குடும்பவழித் தொழிலாக இருக்க வேண்டும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். குடும்பவழி என்ற நிபந்தனையை நீக்குங்கள், வயதை 35 ஆக்குங்கள் என்று தமிழக அரசு கேட்டது. ஏற்கப்படாததால் 2024 நவம்பரில், இந்த வடிவில் திட்டத்தை நடத்த மாட்டோம் என்று முதல்வர் ஸ்டாலின் கடிதம் எழுதினார். 2025 ஏப்ரலில் மாநிலம் தன் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது: 25 தொழில்கள், 35 வயது, சாதியோ குடும்பத் தொழிலோ கேட்பதில்லை.

35 என்ற எண்ணைக் கவனியுங்கள். பதினெட்டில் இருப்பவரைக் கல்லூரிக்குப் போக விடு, முப்பத்தைந்தில் தொழிலில் நிலைத்துவிட்டவருக்குக் கை கொடு என்பது அதன் பொருள். நியாயமான பாதுகாப்பு இது. ஆனால் இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. கல்லூரிக்கும் போகாமல் குலத்தொழிலும் இல்லாமல் பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வரை நிற்பவர் வேறொருவர் தொழிலைக் கற்க விரும்பினால் எந்த வாசலில் நிற்பார்? ஒரு திட்டம் பரம்பரையைக் கேட்கிறது. மற்றொன்று ஏற்கெனவே தொழிலில் இருப்பவரைத் தேடுகிறது. பரம்பரையில்லாமல் புதிதாகத் தொடங்கும் கைக்கு, ஐ.டி.ஐ. தாண்டினால், இடம் மெலிவாகத்தான் இருக்கிறது. ஐ.டி.ஐ.யிலோ வெள்ளிக் கம்பி இழுக்கவும் பொடி வைத்துப் பற்றவைக்கவும் சொல்லித்தருவது அரிது.

நூற்றாண்டுக் கணக்கை இப்படிக் கூட்டலாம். 1906இன் ஆலைக்குச் சந்தை இருந்தது, வீட்டின் சம்மதம் இல்லை. ஊர் சுற்றிய நெசவுக் குழுவுக்கு வீட்டின் சம்மதம் இருந்தது, மற்றவருக்கு இடம் இல்லை. 1953க்கு வீட்டின் ஆழம் தெரிந்தது, வீட்டின் பூட்டு தெரியவில்லை. 1960இன் கழகம் பூட்டைத் திறந்தது, தறியோடு பேசும் மொழியை இழந்தது. லாரிப் பட்டறையும் ரிக் வண்டியும் எல்லாவற்றையும் கற்றுத்தந்தன. விபத்துக்கும் வயதுக்கும் கூலிக்கும் எவரும் பொறுப்பேற்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு பாதியைச் சரியாகச் செய்தது.

இதற்குத் தீர்வு சொல்ல வேண்டியவர் கல்வி அதிகாரி என்று எனக்குத் தோன்றவில்லை. நெசவுத் தெரு ஒரு காலத்தில் தானே ஒரு தீர்வு வைத்திருந்தது. தார் சுற்றுவதும் நெய்வதும் அவரவர் வீட்டில். பாவு மட்டும் பாவடியில். அந்த இடம் எவர் வீட்டுக்கும் சொந்தமில்லை. நீள நூலை விரிக்க வேண்டுமானால் வெளியே வந்தாக வேண்டும். வந்தால் படுகு என்பவரும் ஹாசு என்பவரும் பாவு என்பவரும் ஒரே குச்சியைப் பிடித்தாக வேண்டும். அந்தப் பாவடியும் தறி வீட்டாருக்குள் மட்டும்தான் பொதுவாக இருந்தது என்பதை நான் மறைக்கவில்லை. அதன் வேலியை எடுத்துவிட்டு மற்றதையெல்லாம் வைத்துக்கொண்டால் நாம் தேடும் தொழிற்பள்ளி அதுதான்: தொழில் நடக்கும் தெருவிலேயே, செய்ததை விற்கும் கடைக்கு அருகிலேயே, தெருவின் பேச்சிலேயே நடக்கும் பொது இடம். வீட்டிலே கற்ற ஆசிரியர், எந்த வீட்டிலிருந்தும் வரும் மாணவர், பதினெட்டு நிரம்பிய கை, நாள் முடிந்தால் கூலி.

செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் அப்படி ஒரு பட்டறை திறந்தால் முதல் நாள் பாடம் என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். சுடரைக் கையில் கொடுப்பதற்கு முன்னால், அந்தப் பொடியை எவ்வளவு தூவ வேண்டும் என்று தெரிந்த பெரியவர் அதை முதல்முறையாகத் தன் மகனல்லாத ஒருவனுக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். இத்தனை காலம் அதைச் சொல்லத் தேவைப்படவில்லை, பார்த்தே கற்றுக்கொண்டார்கள். அவர் சொல் தேடுவார். கிடைக்கும் சொல் தமிழாக இருக்கலாம், தெலுங்காக இருக்கலாம், பட்டறைக்கே உரிய எதுவாகவும் இருக்கலாம். அதை எழுதி வைத்துக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். பாடநூல் அங்கிருந்து தொடங்கட்டும்.